அரசுத் தரப்பு மூன்றாம் சாட்சி

ஜூன் 20, வியாழன்

தம்பி தாமுவுக்குத் தூக்கு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

நான் கோர்ட்டுக்குப் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் வேலை இருந்தது. முட்டை வண்டி வந்திருந்தது. கூடவே நின்று வாங்காவிட்டால் உடைந்ததையும் நம் தலையில் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சாம்பாருக்குப் போட்ட பருப்பு வேகவே இல்லை. பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கத் தொடங்கிய நேரத்தில், சமையல் செய்யும் ராசாத்தி செல்போனைப் பிடித்தபடி ஓடி வந்தாள்.

"அக்கா, தூக்குங்க்கா! நாயம் கெடச்சுருச்சு!"

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. மூன்றாம் வகுப்புக்குப் போட்டு முடித்தேன், நான்காம் வகுப்புக்கும் போட்டு முடித்தேன்.

அவள் பேரில் தப்பில்லை. அந்தியூர் முழுக்க அதைத்தான் சொல்கிறது. எப்போதோ பேப்பரில் எவனோ ஒருவனைப் பற்றிப் படித்துவிட்டு, இதே சமையலறையில் நின்று "இவனையெல்லாம் தூக்குல போடோணும்" என்று சொன்னவள் நான். அவன் பெயர்கூட இப்போது நினைவில்லை.

சாயங்காலம் அம்மா மாமாவோடு கோர்ட்டிலிருந்து வந்தாள். என்னைப் பார்க்காமல் உள்ளே போய்ச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஜூன் 21, வெள்ளி

நடந்ததை ஒரு தடவை முழுதாக எழுதி வைத்துவிடுகிறேன். ஆளாளுக்கு ஒரு மாதிரி பேசுகிறார்கள்.

போன ஆடியில் குருநாதசாமி பண்டிகை. மாவு மில் குணசேகரன் வீட்டில் எல்லோரும் பண்டிகைக்குப் போயிருந்தார்கள். அவர் மகள் யாழினிக்குக் காய்ச்சல் அடித்ததால் அவள் அம்மா ருக்மணி பிள்ளையை அழைத்துக்கொண்டு முன்னாலேயே வீடு திரும்பிவிட்டாள். மறுநாள் விடிந்தபோது இரண்டு பேரும் உயிரோடு இல்லை. நகையும் இல்லை.

யாழினி எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. நான் அங்கே சத்துணவு அமைப்பாளர். பிள்ளைகளுக்கு நான் டீச்சர் இல்லை என்று சொன்னாலும் கேட்கமாட்டார்கள், சத்துணவு டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அன்று காலையில் தாமுவின் சட்டை கொடியில் ஈரமாகக் கிடந்தது. தன் சட்டையைத் தானே துவைக்கிற ஆள் இல்லை அவன். நான் ஒன்றும் கேட்கவில்லை. சாவு வீட்டுக்குப் போய் வந்தேன், அழுதேன். அப்புறம் ஒருநாள் வீட்டில் அரிசி டிரம்மை நகர்த்திக் கூட்டும்போது பின்னால் ஒரு துணி முடிச்சு கிடந்தது. அதில் நீலக்கல் வைத்த சின்னத் தோடு. அதன் திருகாணி தேய்ந்து போனது. சாப்பாட்டு நேரத்தில் அடிக்கடி கழன்று விழும், நான்தான் திருகி விடுவேன்.

முடிச்சை அப்படியே எடுத்துக்கொண்டு கிளம்பினேன். "எங்க போறே?" என்று அம்மா கேட்டாள். கடைக்கு என்றேன். ஸ்டேஷனுக்கு நடந்தே போனேன்.

கோர்ட்டில் என்னை அரசுத் தரப்பு மூன்றாம் சாட்சி என்றார்கள். கேட்டதற்கெல்லாம் இருந்ததைச் சொன்னேன். கூண்டில் நின்ற தாமு கடைசிவரை தலையைத் தூக்கவில்லை. எங்கள் அப்பா செத்தபோது அவனுக்கு ஆறு வயது. அதிலிருந்து அவனை வளர்த்தது நான்தான் என்பதை எந்த வக்கீலும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிடிப்பார்கள், ஜெயிலில் போடுவார்கள் என்று நினைத்தேன். அதற்கு மேல் நான் நினைத்துப் பார்க்கவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

நான் ஆக்கிய சோற்றை அம்மா தொடவில்லை. தானே கஞ்சி வைத்துக் குடித்துக்கொண்டாள்.

ஜூலை 6, சனி

கோயமுத்தூர் ஜெயிலுக்குப் போனோம். அம்மாவுக்கு பஸ் போர்டு படிக்கத் தெரியாது, காந்திபுரத்தில் மாறி ஏறவும் தெரியாது. அதனால் துணைக்குப் போனேன்.

மனு எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். பெயர் கூப்பிட்டதும் அம்மா எழுந்தாள். நானும் எழுந்தேன். வார்டர் ஒருவர் பெயரைப் பார்த்துவிட்டு, "அம்மா மட்டும் போகலாம். கோகிலவாணிங்கறவங்க வேண்டாம்னு கைதி சொல்லிட்டாரு" என்றார். நான் உட்கார்ந்துகொண்டேன். வெயில் அவ்வளவாக இல்லை.

உள் பனியன் இரண்டு வாங்கிப் போயிருந்தேன். முன்பைவிடச் சின்ன அளவு. இளைத்துத்தான் போயிருப்பான். அம்மா வாங்கியதாகச் சொல்லிக் கொடுக்கச் சொன்னேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்: "எம்புள்ள செய்யலையாமா. சாமி சத்தியமா செய்யலைங்கறான்."

என்னிடம் சொன்னாளா, ஜன்னலிடம் சொன்னாளா தெரியவில்லை.

ஜூலை 17, புதன்

ஆசிரியர் அறைக்கு டீ கொண்டுபோனபோது பேச்சு தாமுவைப் பற்றி ஓடிக்கொண்டிருந்தது. கணக்கு சார் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "எட்டு வயசுப் புள்ளைங்க மேடம்! இதுக்கும் தூக்கு இல்லைன்னா அப்பறம் எதுக்குத்தான் சட்டத்துல வெச்சிருக்கறாங்க?"

என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார். நிறுத்தியிருக்க வேண்டாம். எனக்கும் கேட்க வேண்டும் போலத்தான் இருந்தது.

"பேசுங்க சார்" என்றேன்.

தலைமை ஆசிரியை லூர்துமேரி மேடம்தான் பேசினார். "கோபம் எனக்கும் இருக்குது சார். அந்தப் புள்ளை எங்கிட்டத்தான் படிச்சுது. ஆனா கோபத்துல ஒருத்தன் கொல்றான், நாம உக்காந்து யோசிச்சு, தேதி குறிச்சு, கயித்த அளந்து கொல்றோம். அதெப்பிடி மேடம் சரியாகும்னு எட்டாம் வகுப்புப் புள்ளை ஒண்ணு கேட்டா நான் என்ன சொல்றது?"

"குணசேகரன் வீட்டுல போயி இதச் சொல்லுங்க பாக்கலாம்."

 மேடம் என் பக்கம் திரும்பி, "நீங்க என்னம்மா நெனைக்கறீங்க?" என்றார்.

"சார் சொல்லும்போது சாருதான் சரின்னு இருக்குதுங்க. நீங்க சொன்னா நீங்க சரின்னு இருக்குது" என்றேன். கணக்கு சார் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டார். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 28, ஞாயிறு

மாமா வந்தார். அம்மாவின் கூடப் பிறந்தவர். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு என் எதிரில் உட்கார்ந்து, மடித்து வைத்திருந்த ஒரு முத்திரைத்தாளை நீட்டினார். ஊர் வக்கீல் ஒருவரிடம் எழுதி வாங்கியது. போலீஸ் என்னை மிரட்டித்தான் சாட்சி சொல்ல வைத்தார்கள், அந்த முடிச்சை அவர்களே கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று நான் சொல்வதாக எழுதியிருந்தது.

"கேஸே உன்ற சாட்சியத்து மேலதான் நிக்குதாமா. ஹைகோர்ட்டுல இதக் கொடுத்தா ஆடிப்போயிருமாம். ஒரே ஒரு கையெழுத்து, அம்மிணி."

"பொய் சாட்சின்னு என்னையப் புடிச்சுப் போடுவாங்க மாமா."

"போட்டா என்ன, கொஞ்ச நாளு இருந்துட்டு வருவே. அவன் போனா வருவானா?"

அவர் கேட்டது நியாயமான கேள்விதான்.

அடுப்படியிலிருந்து அம்மா வெளியே வந்தாள். தீர்ப்பு வந்த பிறகு என் முகத்தைப் பார்த்து அவள் பேசியது இன்றைக்குத்தான். "செத்தவங்களுக்காவ நீ நெசம் பேசினே. செரி. இருக்கறவனுக்காவ ஒரு பொய் பேசமாட்டியா? நீதாண்டி அவன் கழுத்துல கயித்தப் போடறே. வேற ஆரும் இல்ல."

ஜூலை 29, திங்கள்

கையெழுத்துப் போடவில்லை.

ஜூலை 31, புதன்

இன்றும் போடவில்லை. பேனாவில் மை இருக்கிறதா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பார்த்தேன். இருக்கிறது.

ஆகஸ்ட் 3, சனி

துணி துவைத்தேன். அரிசி புடைத்தேன். அம்மாவின் கண்ணுக்குச் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது, வாங்கி வந்து அவள் தலைமாட்டில் வைத்தேன்.

பொய் சொல்ல எனக்குப் பயம் இல்லை. ஸ்டேஷனுக்குப் போன அன்று கடைக்கு என்று சொல்லிவிட்டுத்தானே போனேன். ஆனால் இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் அந்தப் பிள்ளையை யாருமே கொல்லவில்லை என்று ஆகிவிடும். தினமும் என் கையால் சாப்பிட்டவள்.

இன்னொன்றும் மனதில் ஓடுகிறது. நான் முடிச்சோடு ஸ்டேஷன் வாசலில் நின்றபோது யாராவது என்னை நிறுத்தி, "நீ உள்ளே போய் உண்மையைச் சொன்னால் உன் தம்பியைத் தூக்கில் போடுவார்கள்" என்று சொல்லியிருந்தால் உள்ளே போயிருப்பேனா? உண்மைக்கு ஓர் உயிர் விலை என்று தெரிந்தால் எந்த வீட்டில் யார் வாயைத் திறப்பார்கள்?

போயிருப்பேனா என்ற கேள்விக்குப் பதில் எழுத எனக்கு இஷ்டமில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

குருநாதசாமி பண்டிகை. குதிரைச் சந்தைக்கு ஊரெல்லாம் கூட்டம். வருடம் ஒன்று ஆகிவிட்டது. பள்ளிக்கு விடுமுறை என்பதால் மாமா வீட்டுக்குப் போய்த் தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

"முடியாதுங்க மாமா."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "சின்ன வயசுல அவன உப்புமூட்டை தூக்கிட்டே திரிவியே, அம்மிணி" என்றார். பிறகு அழ ஆரம்பித்துவிட்டார். அத்தை வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஹைகோர்ட்டில் தாமுவுக்காக வாதாடுகிற வக்கீல் நசீமா சென்னையிலிருந்து வந்திருந்தார். இலவசச் சட்ட உதவியில் நியமித்த வக்கீல். சின்ன வயதுதான், முப்பது இருக்கும். பள்ளிக்கே தேடி வந்து, சமையலறையில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க சொன்ன சாட்சியத்தை நான் தொடப்போறதில்லைங்க. அது உண்மைன்னு படிச்சாலே தெரியுது. உங்க தம்பியைப் பத்திச் சொல்லுங்க. சின்ன வயசுலேர்ந்து."

சொன்னேன். அப்பா லாரி கவிழ்ந்து செத்தது. தாமு எட்டாவதோடு படிப்பை நிறுத்திச் சாயப்பட்டறைக்குப் போனது. கை முழுக்க வெந்து தோல் உரிந்து வருவான், சோற்றைப் பிசைய முடியாது, நான் ஊட்டி விடுவேன். பள்ளிக்கூடத்துக்குக் காய்கறி மூட்டை இறக்கிக் கொடுக்க வருவான், பிள்ளைகள் தாமு மாமா என்று சூழ்ந்துகொள்வார்கள். அப்புறம் செல்போனில் சீட்டாட்டம், குடி, கடன்.

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டேன். எனக்கே கோபம் வந்தது. "இதெல்லாம் எதுக்குங்க கேக்கறீங்க? இதே வீட்டுல இதே கஷ்டத்துலதான் நானும் வளந்தேன். நான் ஆரையும் கொல்லலையே."

"இது காரணம் இல்லைங்க. இதைச் சொல்றதால அவர் செஞ்சது துளிகூடக் குறையாது" என்றார் நசீமா. "ஆனா அந்த ஒரு ராத்திரி மட்டும்தான் இந்த ஆளுன்னு முடிவு பண்ணித்தான் கொல்ல முடியும். மிச்ச ராத்திரியெல்லாம் தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க."

ராசாத்தி பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

நசீமா சொன்னபடி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். நான் கோர்ட்டில் சொன்னது அத்தனையும் உண்மை, அதில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. அவனுக்குத் தண்டனை வேண்டும். உயிரை மட்டும் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இவ்வளவுதான்.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அப்ப அவந்தான் செஞ்சான்னு மறுபடியும் எழுதிக் குடுத்திருக்கறே" என்றாள்.

அக்டோபர் 12, சனி

குணசேகரன் அண்ணன் வந்தார்.

நான் எழுதிக் கொடுத்தது எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றார். தலைமுடியிலும் புருவத்திலும் மாவு. மில்லில் இருந்து அப்படியே வந்திருக்கிறார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. இந்த வீட்டுக்குள் அவர் எப்படி வருவார்? எனக்குத்தான் புத்தியில்லை.

"ஏனுங்க டீச்சர், நான் கேள்விப்பட்டது நெசமுங்களா?"

"நெசந்தானுங்ண்ணா."

"சாட்சி சொல்லிட்டு நீங்க வெளிய வந்தப்ப உங்க கால்ல உழுந்து கும்பிட்டேன். இந்த ஊருல எனக்காக நின்னது நீங்க ஒருத்தர்தான்னு இருந்தேன். நீங்களுமா?"

"அப்பச் சொன்னதும் நெசம். இப்பக் கேக்கறதும்..." என்று தொடங்கினேன். 

"நான் சோத்துல கை வெக்கறப்பெல்லாம் அவனும் அங்க சாப்புட்டுட்டிருப்பான்னு நெனப்பு வருது. தொண்டையில எறங்க மாட்டீங்குது. அவன் உசுரோட இருந்து ஆருக்கு என்ன ஆகோணும், சொல்லுங்க."

 அவன் என் தம்பி என்பதைத் தவிர என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. அதை அவரிடம் சொல்ல முடியுமா?

சைக்கிளைத் திருப்பியவர் மறுபடி நின்றார். குரல் மாறிவிட்டது. "போலீசுல பாப்பா தூக்கத்துலயே போயிட்டான்னாங்க. கோர்ட்டுல டாக்டர் அப்பிடிச் சொல்லல. முழிச்சிருந்தாளா? என்னையக் கூப்புட்டாளா? இது தெரியாம எனக்குப் படுக்க முடியலீங்க. அது தெரிஞ்சவன் ஒருத்தன்தான். அவன் நான் செய்யவே இல்லைன்னுட்டு உக்காந்திருக்கறான்."

போய்விட்டார். தெளித்த வாசலில் கோலம் போடவில்லை.

நவம்பர் 2, சனி

அம்மாவோடு ஜெயிலுக்குப் போனேன். மழை. இந்தத் தடவையும் என்னைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

டிசம்பர் 10, செவ்வாய்

சென்னையில் இன்று விசாரணை முடிந்துவிட்டது என்று நசீமா போன் செய்தார். நீதிபதிகள் நான் எழுதியதை இரண்டு தடவை படித்தார்களாம். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். ஒரு அர்த்தமும் எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார்.

பள்ளியில் தட்டுக் கழுவும் குழாய் உடைந்து தண்ணீர் பீறிட்டது. நானும் ராசாத்தியும் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றதில் இரண்டு பேரும் நனைந்துவிட்டோம். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஜனவரி 22, புதன்

தூக்கு இல்லை. ஆயுள் முழுக்கச் சிறை. நடுவில் விடுதலை கிடையாது, சாகும்வரை உள்ளேதான்.

நசீமா சொன்னதும் போனைப் பிடித்தபடி அப்படியே மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். ராசாத்தி வந்து என் கையைப் பிடித்தாள். பிடித்தபடியே சொன்னாள்: "ஏனுங்க்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. எனக்கு இது பொறுக்கலீங்க. அந்தப் புள்ள மொகம் கண்ணுக்குள்ளயே நிக்குது. ஆனா உங்கள இப்பிடிப் பாக்கறப்ப சந்தோசமாவும் இருக்குது. ரெண்டும் இருக்குதுங்க்கா."

"எனக்கும் ரெண்டும்தான் இருக்குது" என்றேன்.

வீட்டில் அம்மா சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் சோறு போட்டு வைத்தேன். எடுத்துச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்து, "உப்புப் பத்தல" என்றாள்.

ஜனவரி 25, சனி

மாவு மில் தீர்ப்பு வந்ததிலிருந்து திறக்கவில்லை என்கிறார்கள். அந்தத் தெரு வழியாகப் போக வேண்டிய வேலை இருந்தது. சுற்றிக்கொண்டு போனேன்.

பிப்ரவரி 15, சனி

இன்று அவன் என்னைக் கூப்பிட்டுவிட்டான்.

அம்மா பார்த்துவிட்டு வெளியே வந்து, "உன்னைய வரச்சொல்றான்" என்றாள்.  அம்மாதான் முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டாள்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றான். இரண்டு பக்கமும் ஆட்கள் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். மயிரை ஒட்ட வெட்டியிருந்தார்கள், காது இரண்டும் தனியாகத் தெரிந்தது. ஆறு வயதில் மொட்டை போட்டபோது அப்படித்தான் இருப்பான்.

"சாப்புட்டியாக்கா?" என்றான்.

"சாப்புட்டேன்."

வலையில் விரலை வைத்துக்கொண்டான். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

"நாந்தான்க்கா."

தெரியும் என்று தலையாட்டினேன். 

"அம்மாகிட்டச் சொல்லல. அம்மா தாங்காது. உங்கிட்டச் சொல்லோணும்."

"ஏண்டா இத்தனை நாளு சொல்லல? என்னையப் பாக்கக்கூட மாட்டேன்னுட்டியே."

"சொன்னாக் கயிறுக்கா. ஒன்னையப் பாத்தாச் சொல்லிப்போடுவேன், அதான் வரவேண்டாம்னேன். நான் செய்யல, நான் செய்யலன்னு காத்தாலருந்து பொழுதடையறவரைக்கும் சொல்லீட்டே இருந்தேன். எனக்கே அது நெசமாட்ட ஆயிருச்சு. கயிறு மட்டுந்தான் நெனப்புல இருந்துச்சு. அந்தப் புள்ள நெனப்பு ஒரு நாளுகூட வரல. அப்பறம் தூக்கு இல்லைன்னு வந்து சொன்னாங்க. எல்லாரும் நல்லாத் தூங்குடான்னாங்க. கண்ண மூடினேன், வந்து நின்னுச்சு. அன்னிலருந்து தெனமும் வருதுக்கா."

அழுதான். வலையைத் தாண்டித் தொட முடியாது. தொட்டிருப்பேனா என்பதும் தெரியாது. அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேரம் முடியப்போவதாக வார்டர் சொன்னார். அதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று கேட்டேன்: "பாப்பா முழிச்சிருந்தாளா?"

அவன் கொஞ்சம் பின்னால் நகர்ந்தான். "எதுக்குக்கா?"

"அவ அப்பாவுக்குத் தெரியோணும்."

"வீட்டுல ஆருமே இல்லைன்னுதான்க்கா போனேன். அந்தக்கா எந்திரிச்சு வந்து என்னையப் புடிச்சுட்டாங்க, கத்தினாங்க. என்ன பண்ணினேன்னு தெரியறதுக்குள்ள எல்லாம் ஆயிப்போச்சு. அப்பறம் பாத்தா அந்த ரூம்பு வாசல்ல பாப்பா நின்னுட்டிருக்குது. அழுகல. அம்மாவப் பாத்துச்சு, என்னையப் பாத்துச்சு. தாமு மாமான்னுச்சு. 'டீச்சர்கிட்டச் சொல்லிருவேன்'னுச்சு."

எந்த டீச்சர் என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

பள்ளிக்குப் போனேன். மூன்றாம் வகுப்பு வரிசை வந்தபோது ராசாத்தியிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டு ஸ்டோர் ரூமுக்குள் போய் நின்றுகொண்டேன்.

பிப்ரவரி 19, புதன்

நசீமாவிடம் போனில் கேட்டேன். அரசுத் தரப்பில் தூக்குக் கேட்டு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போகிற மாதிரி தெரியவில்லை என்றார். "தம்பி என்ன சொன்னார்?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அவரிடம் மறைக்க வேண்டும் என்று இல்லை. முதலில் கேட்க வேண்டியவர் அவர் இல்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

மில்லைத் திறந்துவிட்டார்களாம்.

தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று சொல்லிவிடலாம். அவர் கேட்க விரும்புவதும் அதுதானோ என்னவோ. தம்பிக்காகச் சொல்லாத பொய்யை அவருக்காகச் சொன்னால் யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். இன்று முழுக்க அந்த ஒரு வரியைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 22, சனி

காலையில் மில்லுக்குப் போனேன். அவர் தனியாக இருந்தார். மோட்டார் ஓடவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வாங்க என்று சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை.

"அவன் ஒத்துக்கிட்டானுங்ண்ணா. எங்கிட்டச் சொன்னான்."

சல்லடையைக் கையில் எடுத்தார், கீழே வைத்தார். "கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"தூக்கத்துலயா?"

ஆமாம் என்ற சொல் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அவர் கண்ணைப் பார்த்தேன். இந்த மனுஷன் இத்தனை நாள் எல்லோரும் சொன்ன அந்தச் சொல்லை நம்பாமல்தான் தூங்காமல் கிடந்திருக்கிறார்.

"இல்லீங்ண்ணா. முழிச்சிருந்தா."

சொன்னேன். தாமு சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அழவில்லை என்று சொன்னேன். கடைசியாக அவள் சொன்னதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று.

கல்லாப்பெட்டி மேல் கையை ஊன்றிக்கொண்டு அவர் குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது முகம் எனக்குத் தெரிந்த முகமாக இல்லை. சிரிப்பது மாதிரி இருந்தது.

"அப்பிடித்தானுங்க சொல்லுவா. நான் வைஞ்சாலும் அதையேதான் சொல்லுவா. அவிங்க அம்மா தலை சீவறப்ப இழுத்துப்போட்டாலும் அதான். இரு, சத்துணவு டீச்சர்கிட்டச் சொல்லிருவேன், சொல்லிருவேன்னு. மறந்தே போயிருச்சு பாருங்க எனக்கு. அவ கொரலே மறந்து போச்சுன்னு இருந்தேன்."

உட்கார்ந்துவிட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"நான் மன்னிக்கல, டீச்சர். அவங்கிட்டச் சொல்லீருங்க. நாளைக்கே என்னையக் கேட்டாலும் அவனத் தூக்குல போடுங்கன்னுதான் சொல்லுவேன்."

"சொல்றேனுங்ண்ணா."

"போட்டிருந்தா..." என்றார். துண்டால் முகத்தைத் துடைத்தார். மாவும் கண்ணீரும் சேர்ந்து பூசிக்கொண்டது. "போட்டிருந்தா இத நான் ஆருகிட்டக் கேட்டிருப்பேன்?"

அப்போது வாசலில் ஒரு அம்மாள் ராகி நிறைந்த தூக்குச்சட்டியோடு வந்து நின்றார். உள்ளே என்ன என்று எட்டிப் பார்த்தார். குணசேகரன் அண்ணன் சட்டென்று எழுந்து தூக்குச்சட்டியை வாங்கி, ராகியைத் தொட்டியில் கொட்டி, சுவிட்சைப் போட்டார். மோட்டார் பிடித்து ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்துக்குள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அவர் வாய்விட்டு அழுதார். வெளியே நின்றவருக்குக் கேட்டிருக்காது. மாவு விழுகிற துணிக்குழாயைப் பிடிக்க ஆள் இல்லை. நான் போய்ப் பிடித்துக்கொண்டேன். சூடாக இருந்தது. ராகி முழுக்க அரைபட்டு முடிகிறவரைக்கும் இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.